ஏழங்குலம் இல்லாத டேப்

தையல்காரரின் வெட்டு மேஜை மேல் அவருடைய மாமனார் படுத்திருந்தார். இது ஒரு நாள் கூத்து அல்ல. ஐந்து மாதமாக நடப்பது.

மேஜை ஆறரை அடி நீளம், மூன்றரை அடி அகலம். துணி வெட்டுவதற்கென்று செய்தது. மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக நின்றே பிழைத்தவர். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு அவரைத் தரையில் படுக்க வைத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். கட்டில் போட இடமில்லை. வீடே இரண்டு அறை. முன்னறை தையல் கடை. பின்னறையில் சமையல், பீரோ, தையல்காரர், அவர் மனைவி. மிச்சம் இருந்தது மேஜைதான்.

மாமியார் போனதிலிருந்து மாமனார் எங்கே படுத்தாலும் ஒரு பாதியில்தான் படுப்பார். மறு பாதியைக் காலியாக விடுவார். அந்தப் பாதியிலாவது ஒரு காலர் வெட்டலாம் என்று தையல்காரர் கத்தரியோடு போனால், தூக்கத்திலேயே ஒரு கை வந்து அங்கே விழும். வலி மாத்திரை காலை பத்து மணி வரை ஆளை விடாது. பத்து மணிக்குக் கண்ணைத் திறந்து, "என்ன மாப்ளே, இன்னும் கடையத் தொறக்கலையா?" என்று கேட்பார்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டரை மாதம் இருந்தது. முந்நூற்று நாற்பது சீருடைச் சட்டைகளுக்கு ஆர்டர். காலை ஆறு மணிக்கு மேஜை கிடைத்தால்தான் முடியும். இல்லாவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போகும்; அடுத்த வருடமும் அங்கேதான் போகும். ஒருநாள் மைத்துனர் போன் செய்தார். தூரத்தில் ஒரு முதியோர் விடுதியில் அப்பாவுக்குக் கட்டில் பேசிவிட்டாராம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் முதல் தேதி வேன் வருமாம். கட்டிலுக்கு எண் கூடக் கொடுத்துவிட்டார்கள், நாற்பத்தாறு.

மறுநாள் மேஜைக்கு அடியில் மாமனார் கட்டி வைத்த ஒரு பை இருந்தது. உள்ளே இரண்டு சட்டை, சவரப் பெட்டி, ஒரு டார்ச்.

"அப்பா அந்த வேன்ல ஏறினா, உங்க சட்டைக்கு நான் ஒரு பட்டன் தைக்க மாட்டேன். சொல்லிட்டேன்," என்றாள் மனைவி. முந்நூற்று நாற்பது சட்டைக்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது பட்டன். தையல்காரர் அன்றைக்கே முடிவு செய்தார். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஓர் அறை கட்டுவது. பத்தடிக்கு எட்டடி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மாமனார்.

சேமிப்பு அறுபத்தையாயிரம் இருந்தது. கொத்தனார் வந்து இடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அறுபத்திரண்டு என்றார். மேலே சிமெண்ட் ஷீட். ஜன்னலுக்கு மனைவி பழைய சாமான் கடையில் பேரம் பேசி, இடித்துப் போட்ட ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னலை வாங்கி வந்தாள். நடுவில் கை நுழைய ஓர் ஓட்டை. கம்பிக்கு மேல் 'சில்லறை இல்லை' என்று எழுதியிருந்தது. மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அறையின் வரைபடத்தைத் தையல்காரரே பழுப்புத் தாளில் வரைந்தார். பழக்க தோஷம், தையலுக்கு அரை அங்குலம் விட்டு வரைந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு கட்டட ஒழுங்கு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் விதி எளியது. எண்பது சதுர அடி வரைக்கும் 'சிறு விரிவு'. ஒரு படிவம், ஒரு கையெழுத்து, சொற்பக் கட்டணம். அதற்கு மேல் ஓர் அங்குலம் போனாலும் 'பெரு விரிவு'. பத்தும் எட்டும் எண்பது. தையல்காரர் நிம்மதியாக வீடு திரும்பினார். வாரியத்திலிருந்து நிம்மதியாக வீடு திரும்பிய கடைசி மனிதர் யார் என்பதற்கு அதுவரை பதிவு இல்லை.

மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து அளவு சார் வந்தார். அவருக்குப் பெயர் உண்டு. ஊரில் யாருக்கும் தெரியாது. கொத்தனார் நான்கு முளை அடித்து நூல் கட்டி வைத்திருந்தார். அளவு சார் தோல்பையைத் திறந்து, துணி சுற்றிய ஓர் இரும்பு டேப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பிரித்தார். நுனியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, மறு முனைக்கு நடந்தார்.

"பத்தடி ஏழங்குலம்," என்றார்.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாக அங்குலத்தில் சோறு தின்கிறவர். ஒருவரைத் தெருவில் பார்த்தாலே மார்பு அளவு சொல்வார். ஓடிப்போய்க் கொத்தனார் கையைப் பார்த்தார். டேப்பின் நுனி உடைந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் இல்லை. டேப் ஏழிலிருந்துதான் ஆரம்பித்தது.

"சார், இதுல முதல் ஏழு அங்குலம் இல்ல சார்."

"தெரியும்," என்றார் அளவு சார். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பாத்ரூம் கதவுல மாட்டிப் போயிடுச்சு."

"அப்ப ஏழைக் கழிக்கணும் சார். எங்க கடையில நுனி பிஞ்ச டேப்ப பத்துல வச்சு அளப்போம். அப்புறம் பத்தைக் கழிச்சிடுவோம்."

அளவு சார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் அளவுப் பிரிவு. அளக்கிறது என் வேலை. கழிக்கிறது கணக்குப் பிரிவு. அவங்க வெளியில வர மாட்டாங்க."

"எழுதி அனுப்பினா அவங்க கழிப்பாங்களா சார்?"

"அவங்க காசைத்தான் கழிப்பாங்க. அங்குலம் அவங்களுக்கு வராது."

எட்டடி நூல் எட்டடி ஏழங்குலம் ஆயிற்று. பெருக்கினால் தொண்ணூறு சதுர அடி, சொச்சம். அளவு சார் படிவத்தில் 'பெரு விரிவு' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"பெரு விரிவுன்னா என்ன செய்யணும் சார்?"

"முப்பதடி ஆழத்துக்கு மண் பரிசோதனை. எஞ்சினியர் கையெழுத்து. தீயணைப்பு வண்டி வந்து திரும்ப இடம். ரெண்டு வாசல்."

"எட்டடி ரூமுக்கு ரெண்டு வாசலா?"

"ஒண்ணுல தீப்பிடிச்சா இன்னொண்ணு வழியா ஓடணும் இல்ல?"

"எங்க மாமா ஓட மாட்டாரு சார். நடக்கவே ஆள் வேணும்."

"அப்ப சாய்தளம் ஒண்ணு சேத்துக்குங்க," என்று அளவு சார் அதையும் எழுதினார்.

மனைவி கணக்குப் போட்டாள். மண் பரிசோதனைக்கு மட்டும் நாற்பதாயிரம். மண்ணைப் பரிசோதித்துவிட்டு அந்த மண்ணிலேயே அப்பாவைப் படுக்க வைக்கலாம், அறைக்குக் காசு இருக்காது. கொத்தனார் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "எனக்கென்ன டெய்லர் அண்ணே, கட்டுனாலும் கூலி, உக்காந்தாலும் கூலி," என்றார். உட்கார்ந்தும் விட்டார்.

அன்று மாலை முழுக்கத் தையல்காரர் யோசித்தார். துணி சுருங்கும் என்று தெரிந்தால் கூடுதலாக வெட்டுகிறோம். வாரியத்தில் அறை பெருகும் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் குறைத்து வெட்ட வேண்டியதுதான். காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் ஏழேழு அங்குலம் உள்ளே தள்ளி முளை அடிக்கச் சொன்னார்.

"ரூம் சின்னதாயிடுமே அண்ணே."

"நமக்குத்தான் சின்னது. அவங்களுக்குச் சரியா இருக்கும்."

கொத்தனார் முளையைப் பிடுங்கி நட்டார். அளவு சார் மறுபடி வந்தார், மறுபடி துணியைப் பிரித்தார். பத்தடி. எட்டடி. அவர் முகம் மலர்ந்தது. "எண்பது! அப்படியே தைச்ச மாதிரி இருக்கு. நீங்க முதல்லயே இப்படி நூல் கட்டியிருந்தா நமக்குள்ள மனஸ்தாபமே வந்திருக்காது," என்று கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் தையல்காரருக்கு ஊர் புரிந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் எழும்பிய ஒவ்வொரு அறையும் ஏழங்குலம் குட்டை. கதவு திறந்தால் பீரோவில் இடிக்கிறது, பீரோ திறந்தால் கதவில் இடிக்கிறது. கட்டிலை ஏழங்குலம் அறுத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு தச்சர் மூன்று மாடி வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுக் கட்டில்களையும் அவரே அறுத்துக்கொண்டார்.

அறை மூன்று வாரத்தில் எழும்பியது. கட்டில் போட்டபின் ஒரு நாற்காலிக்கும் இடம் இருந்தது. மாமனார் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தார். டிக்கெட் ஜன்னல் ஓட்டை வழியாகக் கையை நீட்டி மகளிடம் காபி வாங்கிக் குடித்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தையல்காரர் வெறும் மேஜையைப் பார்த்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அதன் முழு நீளத்துக்கும் துணியை விரித்தார். பத்து மணிக்குள் இருபத்திரண்டு சட்டை வெட்டிவிட்டார். கையில் மிச்சம் ஆயிரத்து நூறு.

சாண் ஏறியாயிற்று. முழம் சறுக்க வேண்டாமா? பதினோரு மணிக்கு வாரியத்தின் வாழ்தகுதிப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கட்டி முடித்த அறையில் மனிதர் படுக்கலாமா என்று பார்ப்பது அவர் பிரிவின் வேலை. அவர் கையில் ஒரு ஃபைல் கட்டு. அதைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு துணி டேப். கட்டை அவிழ்த்து ஃபைல்களைத் தையல்காரர் கையில் அடுக்கிவிட்டு, அந்த டேப்பால் அறையை அளந்தார்.

தையல்காரரின் கண் அந்த டேப்பிலேயே நின்றது. ஃபைல் கட்டிக் கட்டி இழுத்ததில் டேப் நீண்டு தொய்ந்திருந்தது. அதன் ஓர் அங்குலத்தில் ஓர் அங்குலமும் கொஞ்சமும் இருந்தது. நீண்ட டேப்பில் அளந்தால் அளவு குறையும். இது தையல் பழகும் பையனுக்குக்கூட முதல் வாரத்தில் தெரியும்.

"அறுபத்து மூணு சதுர அடி கூட இல்லையே தம்பி," என்றார் அம்மாள் உண்மையான வருத்தத்தோடு. "மனுஷங்க படுக்கணும்னா எழுபத்தஞ்சு வேணும். அதுக்குக் குறைஞ்சா அது அறை இல்ல, அலமாரி."

"மேடம், உங்க அளவு சார் இதையே எண்பதுன்னு எழுதியிருக்காரு. பாருங்க, கையெழுத்து."

"அது அளவுப் பிரிவு. எங்க பிரிவுக்குத் தனி டேப். அவங்க டேப்ப நாங்க தொடறதில்ல, எங்க டேப்ப அவங்க தொடறதில்ல. பதினாலு வருஷமா ஒரு சண்டை கிடையாது."

"சரி மேடம், அலமாரின்னே எழுதிக்குங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எழுதலாம். ஆனா அலமாரி இருபது சதுர அடிக்கு மேல போகக் கூடாதே." அம்மாள் கட்டிலைப் பார்த்தார். மாமனார் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொன்னார். "உள்ள பெரியவர் வேற இருக்காரு. தம்பி, நான் கண்ணால பார்த்துட்டேன். எழுதாம இருக்க முடியாது."

இரண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. 'மேற்படி முகவரியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட அலமாரி ஒன்று கட்டப்பட்டு, அதில் மாமனார் ஒருவர் வைக்கப்பட்டிருப்பது ஆய்வில் தெரியவருகிறது. பத்து நாட்களுக்குள் அலமாரியை அறையாகப் பெருக்கவோ, மாமனாரை அகற்றி அலமாரியைக் குறைக்கவோ வேண்டும். தவறினால் வாரியமே இடித்து, இடித்த கூலியை வசூலிக்கும்.'

தையல்காரர் பழுப்புத் தாளில் கணக்குப் போட்டார். அம்மாளின் டேப்பில் எழுபத்தைந்து வர வேண்டுமென்றால் அளவு சாரின் டேப்பில் தொண்ணூறைத் தாண்டும். அளவு சாரின் டேப்பில் எண்பதுக்குள் அடங்கினால் அம்மாளின் டேப்பில் அலமாரி. கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், அறையைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். இரண்டு டேப்புக்கும் பொருந்துகிற சின்ன அறை இந்த உலகத்தில் கிடையாது.

செய்தி தெருவில் பரவியது. அளவு கொடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பெரியவர் எந்தத் தட்டுல இருக்காரு?" என்று ஒருவர் கேட்டார். "மடிச்சு வச்சிருக்கீங்களா, மாட்டி வச்சிருக்கீங்களா?" என்றார் இன்னொருவர். மாமனார் ஜன்னல் ஓட்டை வழியாக, "பூச்சி உருண்டை ரெண்டு வாங்கிப் போடுங்கய்யா, நாள்பட நிப்பேன்," என்று பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு பையில் டார்ச் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

தையல்காரர் முறையீடு செய்தார். முதல் தேதிக்கு நான்கு நாள் முன்பு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாமனாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சம்பந்தப்பட்ட பொருளையும் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் இருந்ததால். வாசலில் காவலாளி தையல்காரரின் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்துத் தடுத்தார்.

"வெளி டேப் உள்ள போகக் கூடாது. டோக்கன் வாங்கிட்டு இங்க வச்சிட்டுப் போங்க."

"எதுக்குய்யா?"

"போன வருஷம் ஒருத்தர் உள்ள கொண்டு போயி வராண்டாவ அளந்துட்டாரு. அவர் அளந்ததுல மூணு பேருக்கு ரத்தக் கொதிப்பு."

வாரியத் தலைவரின் அறையில் ஒரு பெரிய மேஜை, அதற்குப் பின்னால் தலைவர். அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் தலைவர் மூச்சை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அளவு சாரும் வாழ்தகுதி அம்மாளும் ஆளுக்கொரு சுவரோரம் நின்றார்கள். இரண்டு டேப்பும் மேஜை மேல் தனித்தனித் தட்டில் இருந்தன.

தையல்காரர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஒரு டேப் உடைந்தது. ஒரு டேப் நீண்டது. புதுசாக ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். விலை நூற்றிருபது. வேண்டுமானால் அவரே வாங்கித் தருவார்.

தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே பேசினார்.

"டெய்லர், நீங்க நல்லவர். ஆனா நிர்வாகம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியல. இந்த இரும்பு டேப் இருபத்திரண்டு வருஷமா உழைக்குது. ஒரு நாள் ஆறு அங்குலம் கூட்டிக் காட்டினதில்ல, ஒரு நாள் எட்டு அங்குலம் கூட்டிக் காட்டினதில்ல. ஏழைக்கும் ஏழு, பணக்காரனுக்கும் ஏழு. இப்படி ஒரு நேர்மை மனுஷங்ககிட்ட உண்டா? நான் இங்க வந்த அன்னிக்கே கேட்டேன், டேப் சரியா இருக்கான்னு. சரியா இல்ல, ஆனா வழக்கமா இருக்குன்னாங்க. வழக்கம்தான்யா வாரியம்! இன்னிக்கு டேப் தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, ஊர்ல பதினோராயிரம் வீடு தப்பு. என் வீடு தப்பு. இந்தக் கட்டடமே தப்பு. பதினோராயிரம் வீட்ட மாத்தறது சுலபமா, ஒரு மாமனார மாத்தறது சுலபமா? நீங்களே சொல்லுங்க."

அளவு சார் கைதட்டினார். அம்மாளும் தட்டினார். இரண்டு பிரிவும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"புது டேப் வாங்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே சார்?" என்றார் தையல்காரர்.

"வாங்கியாச்சே! ரெண்டு டஜன். ஒன்பது வருஷமா இருக்கு."

"எங்க சார்?"

"இந்த பீரோவுலதான்," என்று தலைவர் பெருவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "கதவு திறக்க மாட்டேங்குது. மேஜையில இடிக்குது. ரூம் ஒரு ஏழங்குலம் பத்தல."

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் மேஜையைப் பார்த்தார். "மேஜையக் கொஞ்சம் நகர்த்தினா..."

"மேஜை பொருட்பிரிவு," என்றார்கள் அளவு சாரும் அம்மாளும் ஒரே குரலில்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "அப்ப இடிப்பு உத்தரவு போட்டுடலாமா? எழுதிக்குங்க. மேற்படி அறை..."

"அறை இல்ல சார். அலமாரி," என்றார் அம்மாள்.

"அலமாரி இல்ல சார். என் டேப்புல அறை," என்றார் அளவு சார்.

பேனா காற்றில் நின்றது. பதினாலு வருட சுமுகம் ஆட்டம் கண்டது. அப்போது, அதுவரை நாற்காலியில் அமைதியாக இருந்த மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, நான் கண்டக்டரா இருந்தவன். எங்க தொழில்ல இப்படி வரும். வண்டியில ஒருத்தர் நிப்பாரு. டிக்கெட் எடுத்திருக்க மாட்டாரு, பாஸும் இருக்காது. பிள்ளைத்தாச்சியா இருப்பா, ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறவரா இருப்பாரு. இறக்கிவிட மனசு வராது. திடீர்னு செக்கிங் ஏறிடுவாரு."

"என்ன செய்வீங்க?" என்றார் தலைவர். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"டிக்கெட் இல்லாத பயணின்னு எழுதினா எனக்கு மெமோ. பாஸ் பயணின்னு எழுதினா பொய். அதனால நானும் செக்கிங்கும் பேசி, அப்படி ஒரு ஆளே வண்டியில ஏறலைன்னு எழுதிடுவோம். டிக்கெட் கட்டும் சரியா இருக்கும், கணக்கும் சரியா இருக்கும். அந்த ஆளும் கம்பியப் பிடிச்சுட்டு அவங்க ஸ்டாப்ல இறங்கிடுவாங்க." மாமனார் அம்மாளையும் அளவு சாரையும் காட்டினார். "இவங்க சொல்றாங்க அறை இல்ல. அவர் சொல்றாரு அலமாரி இல்ல. ரெண்டு பேரும் பெரிய அதிகாரிங்க. ரெண்டு பேர் சொல்றதையும் சேத்து எழுதிட்டாப் போச்சு."

தலைவரின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. முப்பது வருட ஊழியத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது அதுதான்.

"அறையும் இல்லை, அலமாரியும் இல்லை," என்று அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "ஆகவே மேற்படி முகவரியில் எதுவும் இல்லை என உறுதி செய்யப்படுகிறது. இல்லாததை இடிக்க இயலாது. இல்லாததற்குக் கட்டணம் கிடையாது." கொஞ்சம் யோசித்து, "மாதம் ஒருமுறை நேரில் சென்று அது தொடர்ந்து இல்லாமல் இருக்கிறதா என ஆய்வு செய்யப்படும். இருப்பதாகத் தெரிந்தால் உடனே இடிக்கப்படும்," என்று சேர்த்தார். மூன்று முத்திரை குத்தினார்.

முதல் தேதி வேன் வந்தது. மைத்துனரும் வந்தார். தையல்காரரின் மனைவி முத்திரைத் தாளைக் காட்டினாள். மைத்துனர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பா எங்கதான் படுத்திருக்காரு?" என்றார்.

"எங்கயும் இல்ல," என்றாள் அவள். "வா, காட்டறேன்."

வேன் நாற்பத்தாறாம் எண் கட்டிலுக்கு ஆள் இல்லாமலே திரும்பியது. சட்டைகள் முந்நூற்று நாற்பதும் முடிந்தன. பட்டன் ஒன்றுகூடக் குறையவில்லை.

அடுத்த மாதம், முதலாவது இன்மை ஆய்வுக்கு அளவு சார் வந்தார். நல்ல வெயில், மதியம் இரண்டு மணி. தோல்பை இல்லை. இல்லாததை அளக்க டேப் எதற்கு? நேரே பின்பக்கம் போனார். கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அளவு சார் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத வேண்டியிருக்கும். கட்டிலில் உட்கார்ந்து, ஃபைலைத் தொடையில் வைத்து, 'நேரில் ஆய்வு செய்ததில் மேற்படி இடத்தில் அறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"முடியலம்மா. உங்க உத்தரவப் பார்த்துட்டு ஊரே மனு போட்டுடுச்சு. இதோட சேத்து ஊர்ல முப்பத்தேழு ரூம் இல்ல. மேலத் தெருவுல ஒரு மாடியே இல்ல. ஒவ்வொண்ணா ஏறி இறங்கி இல்லைன்னு எழுதறதுக்குள்ள முட்டி கழண்டு போகுது." மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "மத்த எடத்துல எல்லாம் வெறும் பலகை. இங்கதான் மெத்து மெத்துன்னு இருக்கு."

சொல்லிக்கொண்டே சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை வந்தது. மாமனார் செய்தித்தாளை மடித்து அவர் முகத்துக்கு விசிற ஆரம்பித்தார். உள்ளே எட்டிப் பார்த்த தையல்காரரிடம், சத்தம் போடாதே என்று விரலால் காட்டினார்.

மூன்றரை மணிக்குக் கடை போன் அடித்தது. வாரியத் தலைவர்.

"டெய்லர், நம்ம அளவு சார் அங்க வந்தாரா?"

"வந்தாரு சார். ரூம் இல்லைன்னு எழுதிட்டாரு."

"சந்தோஷம். இன்னும் ஆபீஸ் வரலையே. இப்ப எங்க இருக்காரு?"

தையல்காரர் பின்பக்கம் பார்த்தார். குறட்டை இங்கே வரை கேட்டது. அவர் தொழிலில் 'நாளைக்குத் தரேன்' என்பதைத் தவிர வேறு பொய் அவருக்குப் பழக்கமில்லை. அளவு சார் அந்த அறையில் இருக்கிறார் என்று சொன்னால் அந்த அறை இருக்கிறது. இருந்தால் இடிப்பார்கள்.

"இங்க எங்கயும் இல்ல சார்," என்றார்.

"அப்படியா? சரி, ஆப்சென்ட் போட்டுடறேன்," என்று தலைவர் வைத்துவிட்டார்.

தையல்காரர் போனை வைத்துவிட்டு, கடைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பிறகு மேஜையில் துணியை விரித்து, இல்லாத இருவருக்கும் தூக்கம் கலையாதபடி மெதுவாக வெட்டத் தொடங்கினார். ஏனென்றால் மாமனாரும் இப்போது விசிறுவதை நிறுத்தியிருந்தார்.